ஈமானை மனனம் செய்தோம்; விளங்கிக் கொண்டோமா?

 



நம் பிள்ளைகள் மக்தப் மதரஸாவில் முதன்முதலாக ஓதிக்கொள்ளும் பாடங்களில் ஒன்று ஈமான் முஃபஸ்ஸல். அல்லாஹ்வை, மலக்குகளை, வேதங்களை, தூதர்களை, மறுமை நாளை, நன்மை தீமை யாவும் அவனது விதிப்படியே என்பதை, மரணத்திற்குப் பின் எழுப்பப்படுவதை நான் நம்புகிறேன் என்று ஐந்து வயதுப் பிள்ளை மழலை மாறாமல் சொல்லும்போது பெற்றோருக்கு எவ்வளவு மகிழ்ச்சி! ஆனால் அந்தப் பிள்ளைக்கு இருபது வயதாகும்போது, தான் சொன்னதன் பொருள் அதன் உள்ளத்தில் இருக்கிறதா என்று நாம் கேட்பதில்லை. இன்றைய ஜும்ஆவில் அதைப் பற்றித்தான் சிந்திக்க இருக்கிறோம்.

ஓர் இளைஞரின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. என்னிடம் மக்தபில் ஓதிய தம்பி ஒருவர் பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருந்தார். ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு எல்லோரும் போகும்வரை காத்திருந்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஹஜ்ரத், ஒண்ணு கேக்கலாமா? ஈமான் முஃபஸ்ஸல் இப்பவும் எனக்கு மனப்பாடமா தெரியும். ஆனா அதை நான் நம்புறேனா, இல்ல சின்ன வயசுலேர்ந்து சொல்லிப் பழகிட்டேனான்னு தெரியல. வேற வீட்டுல பொறந்திருந்தா வேற ஒண்ணைத்தானே சொல்லிட்டு இருப்பேன்?” என்றார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டும். நானோ, “அஸ்தஃபிருல்லாஹ் சொல்லுங்க தம்பி! இப்படியெல்லாம் யோசிக்கவே கூடாது. ஷைத்தானுடைய வேலை” என்று சொல்லி எழுந்துவிட்டேன். அன்று எனக்கு ஒரு நிக்காஹ் மஜ்லிஸுக்குப் போகும் அவசரம். அவர் மரியாதையாக “சரிங்க ஹஜ்ரத்” என்றார். அதன்பின் பஜ்ருக்கு வருவது நின்றது. பிறகு ஜும்ஆவுக்கு மட்டும் வந்தார். பிறகு அதுவும் நின்றது.

இதை இந்த மிம்பரில் நின்று சொல்வது எனக்கு எளிதல்ல. ஆனால் நம் வீடுகளிலும் இதே பதிலைத்தான் சொல்லிக் கொண்டிருக்கிறோம் என்பதால் சொல்கிறேன். அந்தத் தம்பி ஈமானை விட்டு ஓடுவதற்காகக் கேட்கவில்லை. தன்னிடம் இருப்பதைத் தன்னுடையதாக ஆக்கிக்கொள்ள வழி கேட்டார்.

கேள்வி கேட்டவர்கள் யார்?

மார்க்கத்தில் கேள்வி கேட்பது குற்றம் என்றால், அந்தப் பட்டியலில் முதலில் யார் பெயர் வரும் தெரியுமா? இப்ராஹீம் (அலை) அவர்களுடைய பெயர்.

இறந்தவர்களை நீ எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று எனக்குக் காட்டுவாயாக என அவர்கள் தம் ரப்பிடம் கேட்டார்கள். நீர் நம்பவில்லையா என்று அல்லாஹ் வினவினான். நம்புகிறேன், என் உள்ளம் அமைதி பெற வேண்டும் என்பதற்காகவே கேட்கிறேன் என்றார்கள். அல்லாஹ் அவர்களைக் கடிந்துகொண்டானா? இல்லை. நான்கு பறவைகளைக் கொண்டு ஓர் அத்தாட்சியையே காட்டிக் கொடுத்தான் என்று 2:260 வசனத்தில் பார்க்கிறோம். ஈமான் இருந்தது, அந்த ஈமானுக்கு இன்னும் அமைதி தேவைப்பட்டது. இரண்டும் ஒரே உள்ளத்தில், அதுவும் ஒரு நபியின் உள்ளத்தில் இருக்க முடிந்தது.

அடுத்து, ஹதீஸ் ஜிப்ரீல் என்று புகழ்பெற்ற நபிமொழி. உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி முஸ்லிம் நூலில் உள்ளது. தூய வெள்ளை ஆடை, கருகருவென்ற முடி, பயணக் களைப்பின் அடையாளமே இல்லாத ஒரு மனிதர் சபைக்கு வந்தார். நபி (ஸல்) அவர்களின் முழங்காலோடு தம் முழங்காலைச் சேர்த்து அமர்ந்து, இஸ்லாம் என்றால் என்ன, ஈமான் என்றால் என்ன, இஹ்ஸான் என்றால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் போன பிறகு, வந்தவர் ஜிப்ரீல், உங்களுக்கு உங்கள் மார்க்கத்தைக் கற்றுத்தர வந்தார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். பதில் சொன்னது பெருமானார் (ஸல்) அவர்கள். ஜிப்ரீல் (அலை) அவர்கள் செய்ததெல்லாம் கேள்வி கேட்டதுதான். ஆனாலும் அவர்கள் கற்றுத்தர வந்தார்கள் என்றே சொல்லப்பட்டது. அப்படியானால் நல்ல கேள்வியும் ஒரு பாடம்தானே! அந்தக் கேள்வியோடு முழங்காலோடு முழங்கால் சேர்த்து உட்கார ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவதாக ஸஹாபாக்களைப் பாருங்கள். சிலர் வந்து, வாயால் சொல்லவே நடுங்கும் எண்ணங்கள் எங்கள் உள்ளத்தில் வருகின்றன என்று முறையிட்டார்கள். அப்படியா உணர்கிறீர்கள் என்று கேட்ட நபி (ஸல்) அவர்கள், அதுதான் தெளிவான ஈமான் என்றார்கள் (நூல்: முஸ்லிம்). வந்த ஊசலாட்டமே ஈமான் என்பது இதன் பொருளல்ல. அதைச் சொல்லவே அஞ்சி நடுங்குகிற அந்த உள்ளம் ஈமான் உள்ள உள்ளம் என்று இமாம் நவவீ (ரஹ்) போன்றவர்கள் விளக்குகிறார்கள். ஆள் இல்லாத வீட்டில் திருடனுக்கு என்ன வேலை?

வேறு வீட்டில் பிறந்தவர்கள்

இனி அந்தத் தம்பியின் கேள்வியின் மறுபாதி. “வேற வீட்டுல பொறந்திருந்தா?”

இதற்கும் இப்ராஹீம் (அலை) அவர்களே பதில். சிலைகளை வணங்கும் வீட்டில், சிலைகளை வணங்கும் ஊரில் பிறந்தவர்கள் அவர்கள். நட்சத்திரத்தைப் பார்த்தார்கள், சந்திரனைப் பார்த்தார்கள், சூரியனைப் பார்த்தார்கள். மறைந்து போகக் கூடியது இறைவனாக இருக்க முடியாது என்று தம் சமூகத்துக்கு நிரூபித்தார்கள். அபூபக்ர் (ரலி), உமர் (ரலி), கதீஜா நாயகி (ரலி) என முதல் தலைமுறையில் இஸ்லாத்தை ஏற்றவர்களில் பெரும்பாலோர் வேறு கொள்கையுடைய வீடுகளில் பிறந்தவர்களே. எங்கள் மூதாதையர் எதில் இருந்தார்களோ அதையே பின்பற்றுவோம் என்று சொன்னவர்களை 2:170 வசனம் கண்டிக்கிறது. அந்த வசனம் மக்கத்துக் காஃபிர்களைப் பற்றியது என்று நாம் கடந்து போகிறோம். அத்தா தொழுதார், நானும் தொழுகிறேன் என்பதோடு நம் காரணம் முடிந்துவிட்டால், அந்த வசனத்தின் முன் நாமும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

தவறாக விளங்கிக்கொள்ள வேண்டாம். பெற்றோரைப் பார்த்து ஈமான் கொண்டவரின் ஈமான் செல்லும் என்பதே பெரும்பான்மையான அறிஞர்களின் தீர்ப்பு. முஸ்லிம் வீட்டில் பிறந்தது அல்லாஹ்வின் மாபெரும் நிஃமத். ஆனால் அந்த நிஃமத் நம்மை வாசல்வரை கொண்டு வந்து விட்டிருக்கிறது. உள்ளே நுழைவது நம் கால்களால்தான்.

அறிவது வேறு, ஏற்பது வேறு

அரபிக் கல்லூரிகளில் ஓதப்படும் அகீதா நூல் ஷரஹுல் அகாயித். இமாம் நஸஃபீ (ரஹ்) அவர்களின் மூலநூலுக்கு அல்லாமா தஃப்தாஸானீ (ரஹ்) எழுதிய விரிவுரை. ஈமான் என்பது தஸ்தீக், அதாவது உள்ளத்தால் உண்மைப்படுத்துதல் என்று அதில் வருகிறது. உடனே ஆசிரியர் ஒரு விளக்கம் தருகிறார். ஒரு செய்தி உண்மை என்று மனதில் படுவது மட்டும் தஸ்தீக் ஆகாது. அதற்கு உள்ளம் பணிந்து, அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஓதும் காலத்தில் இதை வெறும் இலக்கணமாகத்தான் படித்தோம். குர்ஆனில் தேடிப் பார்த்தால் இதற்கு உயிருள்ள உதாரணம் இருக்கிறது. ஃபிர்அவ்னின் கூட்டத்தார் மூஸா (அலை) அவர்களின் அத்தாட்சிகளை மறுத்தார்கள். ஆனால் அவர்களின் உள்ளங்கள் அவற்றை உறுதியாக அறிந்திருந்தன என்று 27:14 வசனம் கூறுகிறது. அறிவு இருந்தது. பணிவு வரவில்லை.

இன்னொரு உதாரணம் ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஹிர்கல். புகாரீயின் தொடக்கத்திலேயே வரும் சம்பவம். வியாபாரத்திற்காக ஷாம் சென்றிருந்த அபூஸுஃப்யானை, அவர் இஸ்லாத்தை ஏற்பதற்கு முன், ஹிர்கல் அழைத்து விசாரித்தார். அவருடைய குலம் எப்படி? அவரைப் பின்பற்றுவோர் செல்வாக்குள்ளவர்களா, எளியவர்களா? அவர்கள் கூடுகிறார்களா, குறைகிறார்களா? மார்க்கத்தில் நுழைந்த பின் அதன்மீது வெறுப்புற்று எவரேனும் வெளியேறினாரா? அவர் பொய் சொல்லி, வாக்கு மீறிப் பார்த்திருக்கிறீர்களா? எத்தனை கூர்மையான கேள்விகள்! ஒரு மார்க்கத்தை வெளியிலிருந்து விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல வழி இருக்க முடியுமா? சரியான முடிவுக்கும் அவர் வந்தார். ஈமானின் இனிமை உள்ளத்தில் கலந்துவிட்டால் அது வெளியேறாது என்ற கருத்தையும் அவரே சொன்னார். ஆனால் கடைசியில் அரியணையைத் தேர்ந்தெடுத்தார். ஈமானைப் பற்றி விளங்கினார், ஈமான் கொள்ளவில்லை.

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் தம் வாழ்க்கையை விவரிக்கும் அல்முன்கித் என்ற நூலில் இதை அழகாக உணர்த்துகிறார்கள். ஆரோக்கியம் என்றால் என்ன என்று இலக்கணம் சொல்லத் தெரிவது வேறு, ஆரோக்கியமாக இருப்பது வேறு. நோயில் படுத்திருக்கும் மருத்துவருக்கு ஆரோக்கியத்தின் இலக்கணம் தெரியும். ஆரோக்கியம் அவரிடம் இல்லை. இதை எழுதியவர் சாதாரணமானவர் அல்லர். பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவின் தலைமைப் பேராசிரியர். தமக்குள் எழுந்த கேள்விகளால் பாடம் நடத்த நாவே எழாமல் போய், ஹிஜ்ரி 488ல் அந்தப் பதவியை விட்டு வெளியேறியவர். அவரையே இஸ்லாத்தின் ஹுஜ்ஜத், ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று உம்மத் அழைக்கிறது.

நம் ஊரில் ஒரு பாடம்

இதெல்லாம் ஷாமிலும் பக்தாதிலும் நடந்தவை என்று நினைக்க வேண்டாம். மயிலாப்பூரிலிருந்து சற்று வடக்கே திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்குப் போய்ப் பாருங்கள். 1795ல் வாலாஜா நவாப் குடும்பத்தார் கட்டிய பள்ளி. காயிதே மில்லத் இஸ்மாயில் சாஹிப் (ரஹ்) அவர்கள் அடங்கியிருப்பதும் அந்த வளாகத்தில்தான்.

அங்கே ஓர் ஆலிமின் கப்ரும் உள்ளது. பஹ்ருல் உலூம், கல்விக்கடல் என்று அழைக்கப்பட்ட மவ்லானா அப்துல் அலீ (ரஹ்) அவர்கள். லக்னோவின் ஃபரங்கி மஹல் குடும்பம். இன்றும் நம் அரபிக் கல்லூரிகளுக்கு அடித்தளமாக உள்ள தர்ஸே நிஜாமீ பாடத்திட்டத்தை வகுத்த முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்களின் மகன். நவாபின் அழைப்பில் மதராஸ் வந்து, பாடம் நடத்தி, ஹிஜ்ரி 1225ல், அதாவது 1810ல், இங்கேயே வஃபாத்தானார்கள். தர்க்கக் கலையில் நூல்கள் எழுதினார்கள். உஸூலுல் ஃபிக்ஹில் ஃபவாத்திஹுர் ரஹமூத் எழுதினார்கள். அதே கையால் மவ்லானா ரூமி (ரஹ்) அவர்களின் மஸ்னவிக்கும் விரிவுரை எழுதினார்கள். அறிவு ஒரு கையிலும் இதயம் மறுகையிலும் என்று அவர்கள் பிரித்துக்கொள்ளவில்லை. கேள்வி கேட்கும் அறிவும் பணியும் உள்ளமும் சேர்ந்துதான் ஈமான் முழுமை பெறுகிறது என்பதற்கு நம் ஊர் மண்ணிலேயே அத்தாட்சி அடங்கியிருக்கிறது.

அதே பள்ளிவாசலில் இன்னொரு செய்தி. பள்ளி கட்டிய ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு வாசகத்தை இயற்றியவர் ராஜா மக்கன் லால் என்ற இந்து அறிஞர். நவாபின் பணியில் இருந்தவர். அல்லாஹ்வின் திக்ரு மிகப் பெரியது என்ற பொருளைத் தரும் மூன்று அரபுச் சொற்களை அவர் தேர்ந்தெடுத்தார். அப்ஜத் கணக்கில் திக்ரு என்பதற்கு 920, அல்லாஹ் என்பதற்கு 66, அக்பர் என்பதற்கு 223. கூட்டிப் பாருங்கள், 1209 வரும். பள்ளி எழுந்த ஹிஜ்ரி ஆண்டு அதுவே! அந்த எண்ணைத் தருகிற சொற்கள் எத்தனையோ கிடைக்கலாம். ஒரு பள்ளிவாசல் எதற்காக இருக்கிறது என்பதைச் சொல்லும் சொற்களை அவர் எடுத்தார். அவர் நம் ஈமானை ஏற்றவர் அல்லர். ஆனால் அதை விளங்கிக்கொள்ளச் சிரமம் எடுத்தவர்.

இன்றும் அதே பள்ளியில் ரமளான் மாதம் பார்க்கலாம். பிரிவினையின்போது சிந்து மாகாணத்திலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் என்பவர் மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலையில் நிறுவிய சூஃபிதார் அமைப்பினர், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நோன்பாளிகளுக்கு இஃப்தார் உணவு கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். சமைப்பது அவர்களின் இடத்தில். தலையில் தொப்பி அணிந்து, வரிசையாக அமர்ந்திருக்கும் நோன்பாளிகளுக்குத் தங்கள் கையாலேயே வைக்கிறார்கள். எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு பாங்கு என்பதை அறிந்து, அதற்கு முன் தட்டு நம் முன்னால் இருக்கவேண்டும் என்று ஓடுகிறார்கள்.

சகோதரர்களே, இப்போது நம்மைக் கேட்டுக்கொள்வோம். நம் நோன்பின் நேரத்தை நம் அண்டை வீட்டார் இவ்வளவு கவனித்து விளங்கியிருக்கிறார்கள். நோன்பின் நோக்கம் தக்வா என்பதை நாம் எவ்வளவு விளங்கியிருக்கிறோம்? தி.நகரில் ஒரு கடையில் பக்கத்தில் வேலை செய்பவர், “பாய், தண்ணி கூடக் குடிக்காம எதுக்கு இருக்கீங்க?” என்று அன்போடு கேட்டால், “எங்க மதத்துல அப்படித்தான்” என்பதைத் தாண்டி நம் இளைஞர்களிடம் பதில் இருக்கிறதா?

விளங்கியதன் அடையாளம்

ஈமானை ஒருவர் விளங்கிக்கொண்டார் என்பதற்கு என்ன அடையாளம்? மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, அது செயலில் வெளிப்படும். ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு, அதன் கடைசிக் கிளை பாதையில் தொல்லை தருவதை அகற்றுவது என்ற கருத்தில் நபிமொழி உள்ளது (நூல்: முஸ்லிம்). ஜும்ஆ நேரத்தில் நம் தெருவைப் பாருங்கள். அடுத்த வீட்டு கேட்டை மறைத்து பைக்கை நிறுத்திவிட்டு முதல் ஸஃப்புக்கு ஓடி வருகிறோம். அந்த வீட்டு அம்மா ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவை உள்ளே கொண்டுவர முடியாமல் நிற்கிறார். அவர் ஷரஹுல் அகாயித் படிக்கப் போவதில்லை. நம் பைக்கைப் பார்த்துத்தான் நம் ஈமானை அவர் விளங்கிக்கொள்வார். தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளை என்றால், தொல்லையை நிறுத்திவிட்டு உள்ளே வருவதற்கு என்ன பெயர்?

இரண்டாவது, அடுத்தவரின் உள்ளத்துக்குத் தீர்ப்பு எழுதாது. போர்க்களத்தில் கலிமா சொன்ன ஒருவரை, உயிருக்குப் பயந்துதான் சொன்னார் என்று எண்ணி உஸாமா (ரலி) அவர்கள் கொன்றுவிட்டார்கள். அவருடைய இதயத்தைப் பிளந்து பார்த்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதில், அன்றுதான் நான் இஸ்லாத்தில் சேர்ந்திருக்கக் கூடாதா என்று உஸாமா (ரலி) ஏங்கினார்கள் (நூல்: முஸ்லிம்). தன் ஈமானின் ஆழத்தையே அளக்கத் தெரியாதவன் பிறர் ஈமானை அளக்கத் துணிய மாட்டான்.

மூன்றாவது, கற்றுக்கொண்டே இருக்கும். நாங்கள் வாலிபர்களாக நபி (ஸல்) அவர்களோடு இருந்தபோது, குர்ஆனைக் கற்பதற்கு முன் ஈமானைக் கற்றோம், பிறகு குர்ஆனைக் கற்றோம், அதனால் ஈமானில் கூடினோம் என்ற கருத்தை ஜுன்துப் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (நூல்: இப்னு மாஜா). ஈமானைக் கற்றார்கள்! அது பிறப்புச் சான்றிதழோடு சேர்ந்து வந்துவிடவில்லை. நாமோ ஐந்து வயதில் தொடங்கிய பாடத்தைப் பத்து வயதில் முடித்துவிடுகிறோம். உலகக் கல்வி மட்டும் பட்டமேற்படிப்புவரை போகிறது. இருபது வயதுக் கேள்வியைப் பத்து வயதுப் பதிலை வைத்துக்கொண்டு எப்படிச் சந்திப்பான் நம் பிள்ளை?

அந்தத் தம்பி

அவரைத் தேடி நான்தான் போனேன், தாமதமாகத்தான் போனேன். அடையாறில் அவர்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, அன்று நான் சொன்னது தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நீங்க கோபப்பட மாட்டீங்கன்னு நெனச்சுதான் ஹஜ்ரத் உங்ககிட்ட கேட்டேன்” என்றார். அந்த ஒரு வார்த்தை இன்றும் என்னை உறுத்துகிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பஜ்ருக்குப் பின் நாங்கள் உட்காருகிறோம். எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். சில வாரம் வருகிறார், சில வாரம் வருவதில்லை. சில கேள்விகளுக்கு, அடுத்த வாரம் கிதாபைப் பார்த்துச் சொல்கிறேன் என்று நானே சொல்கிறேன். ஆனால் ஒருநாள் அவராகவே ஒன்று சொன்னார்: “ஹஜ்ரத், இப்ராஹீம் நபி மாதிரி கேட்டா தப்பில்லைன்னு தெரிஞ்சப்புறம் தொழுகையில நிக்கிறப்ப பயம் கொறஞ்சிருக்கு.” அல்ஹம்து லில்லாஹ்.

பெற்றோர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளைகளை உட்கார வைத்து, ஈமான் முஃபஸ்ஸலில் ஒன்றை மட்டும் எடுத்து, இது உனக்கு எப்படி விளங்குகிறது என்று கேளுங்கள். மறுமை நாளை நம்புவதால் நாளைக் காலை நம் கடையில், நம் ஆபீஸில் எது மாறவேண்டும் என்று பேசுங்கள். அவன் ஏதாவது குறுக்குக் கேள்வி கேட்டால் வாயை அடைக்காதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததை அல்லாஹ்வே அறிந்தவன் என்று சொல்லிவிட்டு, அவனையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ் நாம் சேர்ந்து தேடுவோம்.

இளைஞர்களே! கேள்வியோடு பள்ளிக்கு வெளியே நிற்காதீர்கள். கேள்வியோடு உள்ளே வாருங்கள்.

யா அல்லாஹ்! நாவில் நீ தந்த கலிமாவை எங்கள் உள்ளங்களிலும் இறக்கி வைப்பாயாக! இப்ராஹீம் (அலை) அவர்களுக்குத் தந்த மன அமைதியில் எங்களுக்கும் ஒரு பங்கைத் தருவாயாக! எங்கள் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பொறுமையோடு பதில் சொல்லும் நாவை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் கடுஞ்சொல்லால் உன் வாசலை விட்டுத் தூரமானவர்கள் எவரேனும் இருந்தால், அவர்களை உன் அருளால் திரும்பக் கொண்டுவந்து, எங்கள் பிழையை மன்னிப்பாயாக! எங்கள் கடைசி மூச்சு விளங்கிய ஈமானோடு பிரிய அருள் புரிவாயாக!

ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!